ஹேடோ மெஸ்ஸின் மூன்று பில்கள்

போர்ட் பிளேரில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்து பிழைப்பவன் நான். வேலைக்காக வெளித்தீவுக்குப் போனால் கப்பல் டிக்கெட், சாப்பாட்டுச் செலவைக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம். பில் கிடைக்காத நாட்களுக்கென்று, போர்ட் பிளேரிலேயே ஹேடோ பகுதியில் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் எழுதாத பில்கள் சில வாங்கி வைத்து, தேதியும் தொகையும் நானே நிரப்பிக்கொள்வேன். தப்பு என்று தெரியும். ஊரே செய்கிறது என்று சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடக் கணக்கைப் பார்த்த ஆடிட்டர் மேடம் மூன்று பில்களை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

"அண்ணே, இந்த மூணு நாளும் கடல் ரஃப்னு ஷிப்பே ஓடல. உங்க டிக்கெட்டைப் பார்த்தா நீங்க ஹேவ்லாக் தீவுல மாட்டிக்கிட்டீங்க. அப்புறம் ஹேடோ மெஸ்ல எப்படிச் சாப்பிட்டீங்க?"

அவர் கோபப்படவில்லை.

"சரி, நிஜமா அங்க யாரு சோறு போட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் ஹேவ்லாக்கில் இருக்கும் ஒரு வங்காளி அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் வீட்டு மோட்டாரைச் சரிசெய்யத்தான் போயிருந்தேன். கப்பல் இல்லை என்றதும் மூன்று நாளும் மீன்குழம்பும் சோறும் போட்டார். கிளம்பும்போது நான் நீட்டிய பணத்தைத் தள்ளிவிட்டார்.

"கர் கா கானா ஹை, பையா. பைசா நஹி லேங்கே."

வீட்டுச் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டாராம்.

அந்த மூன்று பில்களையும் நானே கிழித்துப் போட்டேன். வரி கொஞ்சம் கூடியது. அவர் வாங்க மறுத்த காசை வரியில் கழிக்கப் பார்த்தேனே என்பது, மீன்குழம்பைப் பிசையும்போதெல்லாம் இன்னும் உறுத்துகிறது.