கொறக்காய்த் தூளும் நான்கு கிலோவும்

கண்ணால் கண்டதையும் தராசு காட்டியதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். மூலிகைக் கடையில் இருபத்தேழு ஆண்டு நின்று ஓய்ந்தவன் ‘கேள்விப்பட்டேன்’ என்று எழுதினால், அதையும் ஒருவர் வாங்கி விழுங்கிவிடுவார்.

மாத்தளைக் கடைவீதியில் எங்கள் கடை. முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்போம். மீன்கறிக்கு இடும் கொறக்காயை உலர்த்தி இடித்த தூள், உடம்பு மெலிய விரும்பியோரிடம் நன்றாக விலைபோயிற்று. நானே அளந்து கொடுத்தேன்.

ஒருநாள், எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் புஷ்பம் மலர்ந்த முகத்துடன் வந்தார்.

“அண்ணே, ஒரே மாசத்துல நாலு கிலோ கொறைஞ்சிருச்சு! ஒங்க தூளே போதும்னு, சீனி வருத்தத்துக்குப் போட்ட குளிசையையும் நிறுத்தி ரெண்டு வாரத்துக்கு மேலாச்சு.”

“ஐயோ, நிறுத்தாதீங்க தங்கச்சி. கிளினிக்ல கேட்டீங்களா?”

“போங்கண்ணே! விக்கிற நீங்களே நம்பலேன்னா எப்புடி?”

ஹாஜியாரோ, “ஒரு மாசத்துல நாலு கிலோன்னு போர்டு எழுதிப் போடுங்க” என்றார்.

நான்கு கிலோ எனக்கு வியப்பளித்தது. எங்கே எடை பார்த்தார் என்று புஷ்பத்திடம் கேட்டேன்.

“மடுவத்துலதான், கொழுந்து நிறுக்கிற தராசுல. கொக்கியப் புடிச்சுத் தொங்குனேன். கணக்கப்பிள்ளை வேற, ‘ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி ஒனக்கும் ரெண்டு கிலோ கழிக்கவா’ன்னு நக்கலடிச்சாரு.”

“அன்னைக்கு மழையா?”

“மொத தடவ நல்ல மழை. கம்பளியும் படங்கும் சொட்டச் சொட்டத்தான் தொங்குனேன். நேத்து வெயிலு, சேலையோட போனேன்.”

தலையில் போடும் கம்பளியையும் இடுப்பில் சுற்றும் படங்கையும் மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். மிளகு மூடை நிறுக்கும் எங்கள் தராசில் முதலில் சேலையுடன் நின்றார். பிறகு ஹாஜியாரே ஒரு வாளித் தண்ணீரை அவ்விரண்டின்மீதும் கொட்டினார். அவற்றை அணிந்து புஷ்பம் மீண்டும் ஏறினார். மூன்று கிலோ தொள்ளாயிரம் கிராம் கூடியிருந்தது.

“ஈரத்துக்குக் கழிக்கிறாங்கன்னு மாசாமாசம் சண்டை போடுறவ நான். எனக்கே கழிக்கத் தெரியலையே!” என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. “அப்ப பதினெட்டு நாளா மருந்தே இல்லாமயா இருந்திருக்கேன்?”

அன்றே கிளினிக்குக்குச் சென்றார். இரத்தத்தில் சீனி மிக ஏறியிருந்ததைக் குறித்த துண்டைப் பின்னர் எனக்குக் காட்டினார். குளிசைகளை மீண்டும் தொடங்கியிருந்தார். ஹாஜியார் சொன்ன போர்டு எழுதப்படவே இல்லை. தூள் கேட்பவரிடம், வேறு என்ன மருந்து உண்கிறார் என்று முதலில் கேட்க அன்று கற்றேன்.

கொறக்காய் உடம்பைக் குறைக்குமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. புஷ்பத்துக்கு முன் அதை வாங்கிச் சென்றவர்களுள் எத்தனை பேர் குளிசையை நிறுத்தினார்கள் என்பதும் தெரியாது. நான் எவரையும் கேட்கவில்லை.