புள்ளி வைக்காத கடல்

அந்தச் செய்தியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே படித்தேன். அதனால்தானோ என்னவோ இன்னும் குழப்பம் தீரவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, போனில் கம்பெனிக் குழுவுக்கு ஒரு வரி வந்திருந்தது. நான் படிக்கக் கற்று எட்டு மாதம் ஆகிறது. எது கண்ணில் பட்டாலும் விடுவதில்லை. பஸ் பலகை, பிஸ்கட் உறை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் படிப்பேன். அன்றைக்கும் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் போனேன். 'நம் ஜெரோம் சார்' என்பது தடங்கல் இல்லாமல் வந்தது. ஜெ எனக்கு எப்போதும் தகராறு செய்கிற எழுத்து. அது சரியாக வந்ததில் சந்தோஷம். அடுத்து, 'இன்று காலை காலமானார்.' காலை என்பதை இரண்டு தடவை எழுதிவிட்டார்களோ என்று நினைத்தேன். மறுபடி பிரித்துப் பார்த்தேன். காலம், ஆனார். ஏதோ ஆகியிருக்கிறார் என்று பட்டது. மேனேஜர் ஆகியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டுச் சாந்தாமணியை உங்களுக்குத் தெரியும். நம் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருக்கிறாள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். "ஏங் கண்ணு, ஜெரோம் சார் என்னமோ ஆயிட்டாராமா. என்ன ஆனாருங்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "தவறிட்டாருங்க மாமா. நெஞ்சு வலியாமா" என்றாள்.

என் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. ஒரு சாவை நான் சந்தோஷமாகப் படித்துவிட்டேன். இது தப்பா, இல்லையா என்று ஜெரோம் சாரிடம்தான் கேட்டிருப்பேன்.

கேன்டீன் பலகையில் ஒட்டுவதற்காக இதை எழுதுகிறேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். நாலு நாள் ஆகிவிட்டது. தப்பு இருந்தால் சாந்தாமணி திருத்தியிருப்பாள்.

ஜெரோம் சாரை நாம் எல்லோரும் கம்ப்ளயன்ஸ் சார் என்போம். நம் துணியை வாங்குகிற வெளிநாட்டு பையருக்காக ஆடிட் வருகிறவர்கள், தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா, கக்கூஸ் சுத்தமா, சம்பளம் சரியா என்று பார்க்கும்போது எல்லாம் அவர்கள் கேட்ட விதிப்படி நடக்கிறது என்று பதில் சொல்கிற வேலை அவருடையது. ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போனவர். பெருமாநல்லூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மாறவில்லை.

நான் கட்டிங்கில் சேர்ந்த புதிதில் என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். எனக்குக் கோபம். "நான் என்னுங்க மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்? எம் பேரு நாச்சிமுத்துங்க" என்றேன். இங்கே அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர்தானே. அவர் சிரித்துவிட்டு, "எங்க ஊர்ல மரியாதைக்குச் சொல்லுத வார்த்தைல்லா அது. சரி, கால் கிலோ துவரம் பருப்பு போடும்" என்றார். கட்டிங் டேபிளே சிரித்தது. அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடாத நாள்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

என் வேலை வேஸ்ட் மூட்டை கட்டுவது. துணி வெட்டியபின் மிச்சம் விழுகிற துண்டுகளைப் பெயருக்குத்தான் வேஸ்ட் என்கிறோம். எல்லாம் விலைக்குப் போகிற சரக்கு. வெள்ளைக் காட்டன் தனியாக இருந்தால் நல்ல விலை. அதில் பாலியஸ்டர் கலந்தால் விலை விழுந்துவிடும். நான் கண்ணால் பார்ப்பதில்லை, கையால் தடவியே பிரித்துவிடுவேன்.

ஒருநாள் ஜெரோம் சார் முதலாளியைக் கூட்டிக்கொண்டு என் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வந்தார். வெள்ளைக் காட்டன் வேஸ்ட் விற்கிற பணத்தை மூன்று வருடத்துக்குக் கடலுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊர்க் கடலுக்கு அடியில் புல் இருக்கிறதாம், வலையும் நங்கூரமும் இழுத்து அழிந்துவிட்டதாம். அதைத் திரும்ப நடுவதற்கு ஒரு பங்கு. அந்தக் கரையில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போய்க் காட்டுவதற்கு ஒரு பங்கு. நட்டது பிழைத்ததா என்று எண்ணிப் பார்க்கிற ஆராய்ச்சிக்கு ஒரு பங்கு.

முதலாளி யோசித்தார். "நம்மூர்ல குளம் இருக்குதுங்க, ஆறு இருக்குதுங்க. கடலுக்கும் நமக்கும் என்னுங்க சம்பந்தம்?"

"நாம தைக்குத சட்டையைத் துவைச்ச தண்ணி எங்க போகுது சார்?"

நான் குறுக்கே பேசக்கூடாது. ஆனாலும் பேசிவிட்டேன். "நம்ம தண்ணி நொய்யல்ல போயி, காவேரில சேந்து, அந்தப் பக்கமாப் போகுதுங்க. உங்க ஊரு கடல் இந்தப் பக்கமில்லீங்களா?"

ஜெரோம் சார் என் தோளில் கை வைத்தார். "கடலுக்கு வரப்பு கிடையாது, அண்ணாச்சி" என்றார்.

முதலாளி தோட்டம் வைத்திருக்கிறவர். வரப்பு என்ற சொல் அவருக்கு எப்படிக் கேட்டதோ, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் புரியவில்லை. கடலுக்கு அடியில் புல் என்றால் அதை மேய்கிறது யார் என்று கேட்டேன். "கடல் பசு" என்றார். என்னைக் கேலி செய்கிறார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் போனில் படம் காட்டினார். கொம்பு இல்லை, காலும் இல்லை. ஆனால் மேய்கிற வாய்தான். மாடு வைத்திருந்தவனுக்கு அது தெரியும்.

பணம் கடலுக்குப் போகிற மூட்டைகளை மற்றதிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. ஜெரோம் சார் ஒரு கறுப்பு மார்க்கரைக் கொடுத்து, மூன்றே எழுத்துதான் என்று ஒரு அட்டையில் எழுதிக் காட்டினார். பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஒரு வாரம் போயிருக்கும். வேஸ்ட் வாங்க வருகிறவர் மூட்டையைப் பார்த்து, "ஏனுங்க பெரியவரே, இதுல கடலக்காயா கட்டி வெச்சிருக்கறீங்க?" என்றார். லோடு ஏற்றுகிற ஆள் ஒருவர் ஒரு மூட்டையைப் பிரித்தே பார்த்துவிட்டார். நான் கடைசி எழுத்துக்குமேல் புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறேன். கடல் எல்லாம் கடல ஆகிவிட்டது. முப்பது மூட்டைக்கு மேல்.

கம்பெனி முழுக்கச் சிரித்தது. ஜெரோம் சாரும் சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டைக்கும் புள்ளி வைத்தார். "ஒரு புள்ளி இல்லன்னா அம்புட்டுத் தண்ணியும் வத்திப் போகுது பாத்தீயளா" என்றார். அந்த வாரம்தான் சாந்தாமணியிடம் போய், எனக்கு மிச்ச எழுத்தையும் சொல்லிக்கொடு என்றேன். வர ரொம்ப நாள் ஆனது. வந்தபிறகு எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எழுத இந்தப் பலகை பத்தாது.

முதல் வருடம் முடிந்ததும் ஜெரோம் சார் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். வேஸ்ட் கட்டுகிறவனை எதற்கு என்று நான் கேட்டேன். "மூட்டை எங்க போகுதுன்னு கட்டினவரு பாக்கணும்லா" என்றார்.

அப்போதுதான் நான் கடலைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஒன்றும் பார்க்கவில்லை. தண்ணீர்தான் இருந்தது. படகில் போய், அடியில் கண்ணாடி வைத்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். அன்றைக்குத் தண்ணீர் கலங்கல். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியில் என் மூக்குத்தான். இதற்கா இத்தனை மூட்டை கட்டினேன் என்று தலை சுற்றியது.

கரைக்குத் திரும்பியதும், அங்கே ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் எங்களிடம் வந்தாள். ஆராய்ச்சி என்றால் என்ன என்று போகிற வழியில் நான் கேட்டிருந்தேன். "தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு, உக்காந்து எண்ணுதது" என்று ஜெரோம் சார் சொல்லியிருந்தார். அந்தப் பெண் அப்படித்தான் இருந்தாள். புல் நாற்றை மூங்கில் சட்டத்தில் கட்டிக் கடலுக்கு அடியில் இறக்குகிறார்கள். கட்டுவதற்கு, நாம் விற்காமல் அங்கே அனுப்பிவைத்த கொஞ்சம் வெள்ளைக் காட்டன் துண்டுகளையே கிழித்து எடுத்துக்கொள்கிறார்கள். வேர் பிடித்தபிறகு துணி மக்கிவிடும். அதுதான் வேண்டும். அவள் ஒரு துண்டை என் கையில் கொடுத்தாள். "ஐயா, எல்லாம் மக்கிருச்சு. இது மட்டும் அப்படியே இருக்கு. ஏன்னு தெரியல" என்றாள்.

தடவியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாலியஸ்டர் கலந்த துணி. என் கை தவறவிட்டது. எத்தனையோ ஆயிரம் துண்டில் ஒன்று, அதைக் கடல் ஒரு வருடம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஜெரோம் சார் அந்தப் பெண்ணிடம், "எங்க அண்ணாச்சி கையை பையர் செக் பண்ணி ஒரு குத்தம் சொன்னதில்ல. உங்க கடல் சொல்லிட்டுது" என்றார். திட்டினாரா, பெருமையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

இன்னொன்றும் எனக்குப் புரியாமல் இருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில், இதையெல்லாம் எதற்காகச் செய்கிறோம், பையர் கேட்கிறாரா என்று கேட்டேன். "பையர் கேட்டுச் செஞ்சா கம்ப்ளயன்ஸ். கேக்காமச் செஞ்சா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் பஸ் டீக்கு நின்றுவிட்டது. மறுபடி ஏறியதும் தூங்கிவிட்டார். நானும் கேட்க மறந்துவிட்டேன். கேட்காமல் செய்தால் அதற்கு என்ன பெயர்? படிக்கக் கற்றபிறகு தேடிக்கொண்டே இருக்கிறேன். எந்தப் பலகையிலும் வரவில்லை.

இரண்டு வருடம் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருக்கும்போது அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளி என் டேபிளுக்கு வந்தார். சங்கடத்தோடுதான் சொன்னார். "அண்ணா, இனி கடல்னு எழுத வேண்டாமுங்க. எல்லாத்தையும் ஒண்ணாவே போட்டுருங்க. ஆர்டரும் கம்மி. பையரும் இப்ப அதைக் கேக்கறதில்லைங்க. சார் இருந்தாரு, நடந்துச்சு."

அவர் சொல்வதில் தப்பில்லை. கம்பெனி நடந்தால்தான் நமக்குச் சோறு. ஆனால் ஜெரோம் சார் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. "நடுவுல நிறுத்தினா, நட்டதை நாமளே புடுங்குனாப்ல, அண்ணாச்சி." கையில் மார்க்கரை வைத்துக்கொண்டு, எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் டீ டைம் வரைக்கும் நின்றேன்.

அப்புறம் ஆபீஸ் ரூமுக்குப் போனேன். அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்த அந்தத் துண்டை எடுத்து முதலாளி முன்னால் வைத்தேன்.

"என்னுங்க இது?"

"நம்ம வேஸ்ட்டுங்க. ஒரு வருசம் கடலுக்குள்ள கெடந்துச்சுங்க."

அவர் எடுத்து இழுத்துப் பார்த்தார். இந்தத் தொழிலில் பிறந்தவர், அவர் கைக்கும் தெரியும். "பாலி" என்றார். கொஞ்ச நேரம் அதையே திருப்பிக்கொண்டிருந்தார். "ஒரு வருசமாவா இப்படியே இருக்குது?"

"ஆமாங்க. நான் பிரிச்சது தப்புன்னு அங்க கண்டுபுடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஒண்ணு கூட விடலீங்க நானு. பாதில நிறுத்திப்போட்டா, நான் திருந்துனனா இல்லையான்னே தெரியாமப் போயிருமுங்க."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கடலைப் பற்றிப் பேசப் போனவன் என்னைப் பற்றிப் பேசிவிட்டேன். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "சரிங்க. மூணாவது வருசமும் முடியட்டும். ஆனா சார் வருசா வருசம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவாரு. இனி யாருங்க போறது?" என்றார்.

"நான் போறனுங்க."

"அங்க உங்களுக்கு என்னுங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. பஸ் போர்டு படிக்கத் தெரியுமுங்க."

ஜெரோம் சார் போனபிறகு அந்த ரூமில் முதல் சிரிப்பு அதுதான். துண்டை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதனால் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மார்க்கரும் முடியாத ஒரு வாக்கியமும்தான். மார்க்கரில் மை தீரப் போகிறது. வாக்கியத்துக்கு முடிவு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பலகையில் கீழே எழுதுங்கள். நான் படித்துக்கொள்வேன். அதுவரைக்கும் மூட்டை கட்டுகிறேன், மூன்று எழுத்தையும் எழுதுகிறேன், கொஞ்சம் நின்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வைத்த மாதிரியே புள்ளி வைக்கிறேன்.