நாற்பது ஏக்கருக்கு ஒரு ஓம்

மிதிவெடி அகற்றும் பிரிவுக்காரர் கொண்டுவந்த படிவத்தில் மூன்று கேள்விகள்தான் இருந்தன. காணி பாவனையில் உள்ளதா? எவ்வளவு காலமாக? விபத்து ஏதும் நடந்ததா? மாங்கேணிக்கு மேற்கே, புளியடி வட்டை என்ற வயல்வெளிக்குப் போகும் ஒழுங்கையில் முதல் வீடு இலட்சுமிப்பிள்ளையுடையது. ஆகவே அவரிடம் கேட்டார்கள்.

போர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மிதிவெடி இருக்கலாம் என்று அந்த நாற்பது ஏக்கர் வயலைச் சுற்றிக் கட்டிய மஞ்சள் நாடா, இரண்டு வருட வெயிலில் வெளுத்துக் கிடந்தது. உள்ளே யாரும் கால் வைத்ததில்லை. அதில் இரண்டு ஏக்கர் இலட்சுமிப்பிள்ளையின் சீதனக் காணி. கணவர் அழகரத்தினத்தைச் சுனாமி கொண்டுபோனது. பிறகு சண்டை, முகாம், திரும்பி வருதல். ஆவணியில் மகள் தனுஷாவுக்குக் கல்யாணம். எழுதிக் கொடுக்க வேறு காணி இல்லை.

"காணிக்குள்ள போய் வாறீங்களா அம்மா?"

"ஓம் மகன். விறகு எடுக்கிறம். ரெண்டு வருசமா மாடும் மேயுது. ஒண்டும் நடக்கல்ல."

அதிகாரி 'ஆம்' என்று எழுதினார், இலட்சுமிப்பிள்ளை கையொப்பம் வைத்தார். மாடு மேய்ந்தும் வெடிக்காத காணியில் வெடி இல்லை என்பது அவர்களுடைய கணக்கு. வெடி தேடும் கருவி வாகனத்தைவிட்டு இறங்கவேயில்லை. அடுத்த வீட்டுக்கும் அவர்கள் போகவில்லை. மறுவாரம் நாடாவை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

மருமகன் ரதீஸ் பகிடிக்காரன். கல்யாணம் முடிந்து முதல்தரம் வயலைப் பார்த்துவிட்டு வந்து, "மாமி, புல்லு எனக்கு மேலால நிக்கிது. வயலையா எழுதித் தந்தீங்க, காட்டையா?" என்றான்.

"வெட்டிப் பாருங்க மகன். பொன்னு விளையிற மண்."

புரட்டாதியில், வரம்பு கட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் வெடித்தது. தனுஷா அப்போது அவனுக்காகத்தான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அதையே சொன்னாள்: "துப்பரவாக்கின காணி எண்டு சொல்லி என்ட மனிசனச் சாக்காட்டிப் போட்டானுகள்." தாய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அந்தப் படிவத்தைப் பற்றி மகளுக்குத் தெரியாது.

கார்த்திகையில் விசயம் பாராளுமன்றத்துக்குப் போனது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், அந்த வட்டை உண்மையில் மதிப்பிடப்பட்டதா என்று கேட்டிருந்தார். அவருடைய கட்சி ஆளான அருமைநாயகம் பத்திரிகையோடு இலட்சுமிப்பிள்ளை வீட்டுக்கு வந்து அமைச்சரின் பதிலை வாசித்தார். காணி முறைப்படி மதிப்பிடப்பட்டது. இரண்டு வருடமாகப் பாவிப்பதாக உரிமையாளரே கையொப்பமிட்டிருக்கிறார். ஒரு வெடி தவறிக் கிடந்தது துரதிர்ஷ்டம். மிச்சக் காணி பாதுகாப்பானது.

"பச்சைப் பொய் அக்கா. ஒருத்தரும் வந்து கேட்கல்ல எண்டு நீங்க ஒரு கடிதம் தாங்க. மத்ததை எங்கட ஐயா பாத்துக்கொள்வார்."

தனுஷா பேனாவை எடுத்து வந்து நின்றாள்.

இலட்சுமிப்பிள்ளை எழுதியிருக்கலாம். மகளுக்கு ஒன்றும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் அன்று காலைதான் பக்கத்துக் காணிக்காரி அன்னப்பூரணி வேலியில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "அமைச்சரே சொல்லிப்போட்டார்கா. வெள்ளிக்கிழமை என்ட மகன் உழவு மெசினோட இறங்கிறான். இந்த மழை போனா மறுகா பட்டினிதான்."

"வந்து கேட்டவங்க தம்பி" என்றார் இலட்சுமிப்பிள்ளை. "நான்தான் பொய் சொன்னனான். அதுக்குள்ள ஒருத்தரும் போனதில்ல. மாடு கூடப் போனதில்ல. அப்படியே எழுதுங்க."

தனுஷா பேனாவை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலையே அவர் அன்னப்பூரணியிடமும் போய்ச் சொன்னார். ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள் அன்னப்பூரணி: "மருமகனைத் திண்டது காணாதெண்டு எங்கட போகத்தையும் திங்கப் போறியாகா?" ஆனாலும் வெள்ளிக்கிழமை மெசின் இறங்கவில்லை.

கடிதம் சபையில் வாசிக்கப்பட்டது. "அப்படியென்றால் குற்றம் அந்தப் பெண்ணுடையது" என்றார் அமைச்சர். "கருவியை இறக்காமல் காணிக்கு ஆவலாய் நிற்பவளிடம் கேட்டுவிட்டுப் போனது யாருடைய குற்றம்?" என்றார் உறுப்பினர். இரண்டு பக்கமும் எழுந்து நின்று கத்தின. சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போனார்.

இருந்தாலும் தை மாதம் கருவிகள் வந்தன. நான்கு மிதிவெடிகள் எடுத்தார்கள். இரண்டு அன்னப்பூரணியின் காணியில். அதன்பிறகு அவள் இலட்சுமிப்பிள்ளையைத் திட்டவில்லை. பேசவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. கல்யாணம் கட்டினாலும் மாப்பிள்ளைதான் வருவான். வெடிகள் எடுத்த மறுநாள் தனுஷா ஒரு பையில் உடுப்புகளை வைத்துக்கொண்டு, வாகரையில் இருக்கும் ரதீஸின் தாயிடம் போகப் புறப்பட்டாள். இலட்சுமிப்பிள்ளை பஸ் நிற்குமிடம் வரை பின்னாலேயே நடந்தார்.

"உனக்காகத்தானே புள்ள சொன்னன். காணியில்லாம உன்னை ஆர் எடுப்பான்?"

"அவனுகளுக்குப் பொய் சொன்னதுக்கு நான் கோவிக்கல்ல அம்மா" என்றாள் தனுஷா. "மூண்டு நாளும் அவருக்குச் சோறு போட்டு வயலுக்கு அனுப்பினீங்க. அவரிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

பஸ் வந்தது. இலட்சுமிப்பிள்ளை பையைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினார். தனுஷா அதைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள்.