அத்தையின் சுபாவம்

இன்று காலை பக்கத்து வீட்டில், அழுத குழந்தையை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்கள். இரும்பு உரசிய அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

யுத்த காலத்தில், ஸ்ரீரங்கத்து வீட்டில், தாத்தா தன் மகளை, என் அத்தையை, அப்படித்தான் அடைப்பார். பாத்திரம் கீழே விழுந்தாலே அத்தைக்குக் கை நடுங்கும். அடுத்த நிமிஷம் கத்துவாள். "பிறவிச் சுபாவம், மாறாது" என்று சொல்லி, மளிகைச் சாமான் வைக்கும், மிளகாய் நெடியடிக்கும் உக்கிராண அறையில் தாத்தா அவளைத் தள்ளிப் பூட்டுவார். அவள் கதவைப் பிறாண்டுவது கூடம் வரை கேட்கும். அவர் சாவகாசமாக வெற்றிலை மடிப்பார்.

ஒரு நாள் என் அம்மா குறுக்கே நின்று, "நான் பாத்துக்கறேன்" என்றாள். அதன்பின், கை நடுங்கத் தொடங்கியதுமே அத்தையைக் கொல்லைக்கு அழைத்துப்போய், கிணற்று நீரில் கையை வைக்கச் சொல்லி, மூச்சு நிதானமாகும் வரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நாளாக ஆக, "மன்னி, நடுக்கம் வரது" என்று அத்தையே எழுந்து போகப் பழகினாள். கத்தல் நின்றது.

வீட்டுக்கு வந்த உறவினர்களிடம் தாத்தா, "அடைச்சு வெச்சுத்தான் திருத்தினேன்" என்றார்.

அத்தை குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இல்லைப்பா. அடைச்சபோதெல்லாம் செத்துப்போகணும்னுதான் இருந்தது. மன்னிதான் கூட உக்காந்தா."

"பாத்தேளா, சுபாவம் எங்கே போகும்?" என்று தாத்தா சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள்.

அத்தை எழுந்து, நிதானமாகக் கொல்லைப்பக்கம் போனாள். அவளுக்குக் கோபம் அங்கேயே தணிந்திருக்கும். எனக்கு இந்த வயதிலும் தணியவில்லை.