அக்கா வாங்கிய பச்சை வளையல்

மறைமலை நகர் தொழிற்சாலையில் நான் இப்போது உட்காரும் மேசையின் அடி டிராயரில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. உள்ளே பச்சைக் கண்ணாடி வளையல்கள். எனக்கு முன் அந்த மேசையில் இருந்த அக்கா தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியவை. கூடப் போனது நான்தான். அளவு பார்த்தது அக்காவின் கைக்கு அல்ல, அவருக்காகக் குழந்தையைச் சுமக்க ஒப்புக்கொண்டிருந்த அவருடைய சித்தப்பா மருமகளின் கைக்கு.

அக்கா விவாகரத்தானவர். குடித்துவிட்டு அடித்தவனை விட்டு வந்து, செம்பாக்கத்தில் அம்மாவோடு இருந்தார். பிள்ளை ஆசை மட்டும் அவரை விடவில்லை. கர்ப்பப்பையிலும் சினைப்பைகளிலும் கட்டி என்று தெரிந்தபோது, அறுவை சிகிச்சைக்கு முன் கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்துவிடலாம் என்றார் டாக்டர். "ஆடியில எதையும் ஆரம்பிக்க வேணாம்மா, ஆவணி பொறக்கட்டும்" என்றார் அம்மா. தரச் சோதனையில் தலைமுடி அகலம் பிசகினாலும் உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்புகிற அக்கா, அதற்கு மறுபேச்சு பேசவில்லை. ஆடி முடிவதற்குள் கட்டி வெடித்துவிட்டது. அவசரமாகக் கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

அக்காவின் தங்கை கருமுட்டை தருகிறேன் என்றாள். சித்தப்பா மருமகள், "நான் சுமக்கிறேன்க்கா, காசு பேச்சே எடுக்காதீங்க" என்றாள். அன்று சாயங்காலமே அக்கா வளையல் வாங்கிவிட்டார். எல்லாம் கூடி வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஜி.எஸ்.டி. ரோடு மருத்துவமனையில் டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "சிங்கிள் லேடின்னா சொந்த எக் மட்டும்தான் யூஸ் பண்ணணும்னு ரூல் இருக்கும்மா. வாடகைத்தாய் முறைல டோனர் எக் அலவுட் இல்ல."

"கூடப் பொறந்தவளோடது டாக்டர். அதுவும் சொந்தம் இல்லையா?"

"ஹஸ்பண்ட் இருந்திருந்தா மெடிக்கல் போர்டுல கேட்டுப் பார்க்கலாம். கப்பிளுக்கு அந்த வழி இருக்கு."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அக்கா சொன்னார்: "இருந்தப்பவும் அடிச்சான். இப்போ இல்லாமலும் அடிக்கிறான்." தத்து எடுத்துக்கொள்ளலாமே என்று கம்பெனி பஸ்ஸில் இலவச ஆலோசனை சொன்னவர்களைவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வருஷம் என் வளைகாப்பு. அக்கா அந்தப் பெட்டியோடு வந்திருந்தார். என் மாமியார் சபையைப் பார்த்து, "புருஷன் இருக்கறவங்க மட்டும் வந்து வளையல் போடுங்கம்மா" என்றார். பாதி எழுந்த அக்கா உட்கார்ந்துவிட்டார். சட்டம் கேட்டதையே என் வீடும் கேட்டது. நான் எழுந்து போய் அவர் முன் கையை நீட்டினேன். "வேணாம்டி, நீ போ. நல்ல நாள்ல வீட்ல பேஜார் பண்ணாத" என்று என் கையை மெல்லத் தள்ளினார். சாப்பிடாமலே போய்விட்டார்.

போன மாதம் வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். மேசையைத் துடைத்துக் காலி செய்தவர், இந்த வளையல் பெட்டியை மட்டும் விட்டுவிட்டார். மறந்துவிட்டாரோ என்று போன் செய்தேன். "தெரிஞ்சுதான் வச்சேன். வீட்ல இருந்தா அம்மா எடுத்து எடுத்துப் பார்த்து அழறாங்க" என்றார்.

டிராயரை வேகமாக இழுத்தால் வளையல்கள் குலுங்குகின்றன. என் மேசை இருக்கும் அறையில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருக்கிறார்கள், அந்தச் சத்தம் கேட்டால் கதை ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறார்கள். நான் டிராயரை மெல்லத்தான் திறக்கிறேன்.