வாழைத்தடியில் அளந்த காற்று

போன வாரம் புதுக்கடை சந்திப்பில் ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்க நின்றேன். கடைக்காரர் குழாயைப் பிடுங்கியபோது உஸ்ஸென்று ஒரு சத்தம். எனக்கு உடம்பே நிமிர்ந்துவிட்டது. "அண்ணாச்சி, வால்வு லீக்காக்கும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீரு எறங்கி நில்லும், வண்டிக்கு மூச்சு முட்டுது." என் எடையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு, போகட்டும். ஆனால் காற்றைப் பற்றி என்னிடம் பேசும்போது கொஞ்சம் மரியாதை வேண்டாமா? ஒரு காலத்தில் காற்றை நெல் அளப்பதுபோல அளந்து கொடுத்தவன் நான்.

மஸ்கட்டில் கேஸ் குழாய் மாட்டும் வேலை முடிந்து ஊர் திரும்பியிருந்த சமயம் அது. ரெகுலேட்டர் என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் எழுந்து நிற்பேன். சித்தி மகள் ஷீபா அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தாள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவள். பழையதாக வாங்கிய அவள் துப்பாக்கிக்குள் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே அதற்கு மெக்கானிக்காக என்னை நானே நியமித்துக்கொண்டேன். சம்பளம், சித்தி செய்யும் முந்திரிக்கொத்து.

அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் இவ்வளவு போதும். குழலுக்கு அடியில் ஒரு சிலிண்டர். அதில் பம்பு வைத்துக் காற்று நிரப்புவோம். (நிரப்புகிறவன் நான். அன்றைக்குக் குறைந்த தொப்பை பிறகு வட்டியோடு வந்துவிட்டது.) சிலிண்டரில் எவ்வளவு இருந்தாலும் ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தில் காற்றை விடும். உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் வால்வைத் தட்டித் திறக்கும். அது எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்பதைப் பின்னால் இருக்கும் ஒரு திருகு சொல்லும். அந்தத் திருகில்தான் என் வாழ்க்கையின் பெருமையெல்லாம் இருக்கிறது.

ரேஞ்ச் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது, குழித்துறையில் என் கூட்டாளி வில்சன் ரப்பர் ஷீட் காயப்போடும் ஷெட். அந்தப் புளித்த வாடை ஷீபாவின் ஜாக்கெட்டில் ஏறி, போட்டிகளில் பக்கத்தில் நிற்கும் பெண்கள் மூக்கைச் சுளிப்பார்களாம். "அதுவும் நமக்கொரு ஆயுதமாக்கும்" என்பாள்.

மாநில அணிக்கான தேர்வு நெருங்கியது. "இந்தத் தடவ பேரு வரலேன்னா துப்பாக்கிய வித்துட்டு பி.எட். சேந்துரணும்" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேசாத மனுஷர். ஆகையால் பேசியதை மாற்றவும் மாட்டார். அந்த நேரம் பார்த்தா துப்பாக்கி மக்கர் பண்ண வேண்டும்? ஒரு தொடர் சுடத் தொடங்கினால் முதலில் எல்லாம் நடுவில் விழும். கடைசிப் பகுதி வந்ததும் குண்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்.

"பவர் போதல" என்று தீர்ப்புச் சொல்லி, திருகை நன்றாக முறுக்கினேன். வேகம் அளக்கும் கருவி எங்களிடம் கிடையாது. வில்சன் தோட்டத்து வாழைத்தடியை மணல் மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்திச் சுட்டு, துளைக்குள் ஈர்க்கில் என்ற தென்னங்குச்சியை விட்டு நகத்தால் அடையாளம் வைத்து ஆழம் பார்ப்போம். அன்றைக்கு ஈர்க்கில் முந்தின நாளைவிட அரை விரல் கூடுதலாக உள்ளே போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஷீபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, இப்பம் பாதியிலேயே கீழ எறங்குது. நீ என்னத்த செய்து வச்ச?"

"ஏட்டி, நேத்து ஈர்க்கிலு எவ்வளவு போச்சுன்னு நீயும் பாத்தியா இல்லியா?"

வில்சன் அப்போது வாயைத் திறந்தான். "லேய் மக்கா, நேத்து சுட்டது எந்தத் தடின்னு பாத்தியா?"

"வாழத்தடி."

"அது மழையில சாஞ்ச மட்டிவாழ. வெண்ணெ மாதிரி இருக்கும். முந்தின நாளு சுட்டது குலை வெட்டின ஏத்தன் வாழ, நல்ல கெட்டி. மஸ்கட்டுல வாழ கெடையாதோ?"

ஷீபா சிரித்த சிரிப்பில் ஷெட்டில் தொங்கிய ஷீட்டெல்லாம் ஆடின. வாழைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் மட்டிக்கும் ஏத்தனுக்கும் வித்தியாசம் தெரியாமல், திருகை முறுக்கிய பெருமையில் மிதந்திருக்கிறேன்!

பிறகு ஒரே ஏத்தன் தடியைக் கிடத்தி, ஒரே மட்டையில் வரிசையாகச் சுட்டோம். இந்த முறை திருகைக் கால் சுற்று தளர்த்தினேன். ஈர்க்கில் அதே ஆழம். இன்னும் கால் சுற்று. அதே ஆழம், சத்தம் மட்டும் குறைந்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஓர் அளவுக்குமேல் சுத்தியல் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் குண்டு வேகமாகப் போவதில்லை. காற்றுதான் வீணாக வெளியே போகிறது. சிலிண்டர் சீக்கிரம் காலியாகி, ரெகுலேட்டருக்கு அளந்து கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனதும் குண்டுகள் இறங்குகின்றன.

"கூடுதலா அடிச்சதெல்லாம் சத்தமாத்தான் போயிருக்கு. அண்ணன மாதிரியே" என்றாள் ஷீபா.

ஆழம் குறைகிறதோ என்று தோன்றிய இடத்தில் திருகை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மட்டும் திரும்ப முறுக்கினேன். அந்த மயிரிழை என் கையுடையது. வில்சன் இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஷீபா முழுத் தொடரையும் சுட்டாள். கடைசிக் குண்டு முதல் குண்டு விழுந்த துளையிலேயே நுழைந்தது.

தேர்வு நாளில் நாகர்கோவிலில் பின்வரிசையில் நானும் சித்தப்பாவும். கடைசிப் பகுதி தொடங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சித்தப்பா என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். திறந்து பார்த்தால் அட்டையின் நடுவில் ஒரே ஓட்டை. பூச்சி அரித்தது மாதிரி, அவ்வளவு சின்னது. பட்டியலில் அவள் பெயர் வந்தது. சித்தப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "பி.எட். அங்கேயேதான் இருக்கும். எங்க போவப் போவுது?" அவர் வாழ்நாளில் வார்த்தை மாற்றியது அந்த ஒரு தடவைதான். மாற்ற வைத்தது நான் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். சரி, நாற்பது பேரிடம்.

வெளியே வந்ததும் ஷீபா பையைத் திறந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அந்தத் திருகின்மேல் ஒரு சொட்டு வைத்து ஊதினாள். "அண்ணே, நல்லா இருக்கு. இனி இதத் தொட்டா கை வெட்டிருவேன்."

இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு எந்தக் கம்பெனியும் தந்ததில்லை.

இப்போது அவள் கோவையில், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையில் இருக்கிறாள். கை அடக்கமான ஒரு கருவி குண்டின் வேகத்தைச் சொல்லிவிடுகிறது. புதுத் துப்பாக்கி எல்லாம் சரிபார்த்துப் பெட்டியில் வருகிறது. ஷெட் இருந்த இடத்தில் வில்சனின் கார் நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஷீபா வந்தால் என் கையில் அவள் பிள்ளையைத்தான் கொடுக்கிறாள், ஒரு பயமும் இல்லாமல். கை வெட்டிவிடுவேன் என்று மிரட்டும் அளவுக்கு மதிப்பான எதையும் இப்போது யாரும் என் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதில்லை.