ஃபெஸ்டி ஹாலரனின் இரண்டாவது பாட்டு

ஃபெஸ்டி ஹாலரன் தான் ஓர் ஐரிஷ்காரன் என்பதைக் கண்டுபிடித்தது பாஸ்டன் நகரத்தில். அதற்கு முன் பிறந்ததிலிருந்து அவர் அயர்லாந்தில், எங்கள் கில்மோராவில்தான் இருந்தார். ஆனால் அப்போது அவருக்கு அது தெரியாது. பகலில் மாட்டுத் தீவனக் கடையில் மூட்டை தூக்குவார். மாலையில் கன்செப்டா க்வீலியின் பப்பில் வாத்தியக்காரர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிவியில் ஹர்லிங் ஆட்டம் பார்ப்பார். யாராவது ஃபிடிலைக் கையில் எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு கூரை வேலைக்கென்று பாஸ்டன் போனார். ஒரு குளிர்காலத்தைக் கூட முழுதாகத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது பச்சை வெல்வெட்டில் கையில்லாத மேல்சட்டை ஒன்று, பௌரான் என்கிற ஆட்டுத்தோல் மேளம் ஒன்று, பாட்டு ஒன்று கொண்டுவந்தார். மூன்றும் அங்கே கிடைத்தவை. கப்பலேறிப் போகிறவன் கரையில் நிற்கும் தாயை நினைத்து உருகுகிற பாட்டு அது. ஃபெஸ்டியின் தாய் அவரை வழியனுப்ப விமான நிலையத்துக்குக்கூட வரவில்லை. அன்று அவளுக்குச் சீட்டாட்டம் இருந்தது.

மூச்சு விடுகிறவன் மூச்சுக்கு விழா எடுப்பதில்லை. விழா எடுக்கத் தொடங்கினால் அவனுக்குள் எங்கோ சந்தேகம் புகுந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் இதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை ஃபெஸ்டி. வந்த வாரமே கணப்புக்குப் பக்கத்து மூலையில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்காரும் இடம் அது. ஃபிடில் வாசிக்கும் நோரீன் ஹெஹிர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். வருடத்துக்கு வருடம் அது இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பௌரான் என்பது கூட வாசிப்பவரின் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கிற வாத்தியம். ஃபெஸ்டியின் கையில் அது பூட்டிய கதவைத் தட்டுவதுபோல் இருக்கும்.

குடியிலும் அவருக்கு ஒரு மார்க்கம் உண்டு. தவக்காலம் தொடங்கினால் மதுவை விட்டுவிடுவார். விட்டதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு சோடாவும் கையுமாகத் தியாகியைப் போல உட்கார்ந்திருப்பார். அயர்லாந்தின் பெருவிழாவான புனித பேட்ரிக் திருநாள் ஒன்றுக்கு மட்டும் தவக்காலத்திலும் விலக்கு உண்டு. அந்த ஒரு நாளில், குடிக்காமல் விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்துத் தன்னை மன்னித்துக்கொள்வார்.

போன வருடம் திருநாளுக்கு முந்தின வாரம் கன்செப்டா கவுண்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஃபெஸ்டி, ஈஸ்டர்லேர்ந்து எனிஸ் டவுன் பாட்டுக் குழுப் பசங்க வராங்க. ஸ்பீக்கரு, லைட்டு எல்லாம் அவங்களே கொண்டாருவாங்களாம். அந்த மூலையில மேடை போடணும்."

"என் நாற்காலி?"

"அதுவும் போகும்."

"ஏம்மா, இருவது வருஷமா நான்தானே இந்த எடத்துக்கு மொகம்."

"அந்த மொகத்தப் பாத்துட்டுத்தான் பாதிப் பேரு எதிர்க் கடைக்குப் போறான். பேட்ரிக் நாள்ல ஒரு பஸ்ஸு நெறைய அமெரிக்காக்காரங்க வராங்க. சாயங்காலம் வரைக்கும் அவங்கள எந்திரிக்க விடாம உக்கார வை. அப்புறம் பேசலாம்."

கடையில் அவர் ஒரு மூட்டைக்காரர். வீட்டில் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. உலகத்தில் அவரை யாராவது திரும்பிப் பார்த்தார்கள் என்றால் அது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான். அது போனால் அவர் மறுபடியும் டிவிக்கு எதிரே போய் உட்கார வேண்டியதுதான்.

திருநாள் மதியம் பஸ் வந்தது. திருநாள் ஊர்வலத்தில் மழையில் நனைந்த கூட்டம் பச்சைத் தொப்பிகளோடு உள்ளே புகுந்து கறுப்பு பீர் கேட்டது. நுரை அடங்கும் வரை காத்திருக்கிற எங்கள் ஊர் முறை தெரியாமல் ஊற்றியதும் குடித்தது. அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நோரீனும் குழல்காரர் ஒருவரும் கான்சர்டினா என்கிற சின்னத் துருத்திப்பெட்டி வாசிக்கும் ஒருத்தியும் ரீல் என்கிற நடன மெட்டுகளில் மூன்றை வாசித்தார்கள். கூட்டம் தப்பான இடங்களில் கை தட்டியது. பிறகு ஃபெஸ்டி எழுந்தார். கண்ணை மூடினார். தாய் வருகிற வரியில் வலது கை மேலே போனது. கடைசி அடியைப் பாடாமல் பேச்சாகச் சொல்லி முடித்தார். இது எங்கள் பழைய பாடகர்களின் வழக்கம். அவர்கள் அதைக் கூச்சத்தால் செய்தார்கள்.

கூட்டம் கலங்கிவிட்டது. ஃபெஸ்டி அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் பாடி முடித்தவருக்கு ஓர் உரிமை உண்டு: அடுத்து யார் பாட வேண்டும் என்று அவர்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் மறுக்கக் கூடாது. விவரமானவன் வட்டத்துக்குள் ஒருவரைக் கூப்பிடுவான். ஃபெஸ்டிக்கோ பஸ் கூட்டத்தைக் குளிர்விக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் இருந்த கிழவரிடம் கையை நீட்டினார். வெண்டல் என்று பெயர், ஒஹையோக்காரர்.

"வாங்கய்யா, நீங்களும் நம்ம ரத்தந்தானே. ஒண்ணு பாடுங்க."

வெண்டல் மிரண்டுபோய் எழுந்து தன் ஊர்த் தேவாலயப் பாட்டொன்றை ஸ்ருதி இல்லாமல், ஆனால் முழுதாகப் பாடினார். பாடிவிட்டு, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார்.

அதுவரை வாய் திறக்காத நோரீன் சொன்னாள்: "பாடினவங்கதான் அடுத்த ஆளக் கூப்பிடணும். யாரக் கூப்பிட்டாலும் சரி. மாட்டேன்னு சொல்ல முடியாது."

"அப்ப இவரையே கூப்பிடறேன்," என்று வெண்டல் ஃபெஸ்டியின் தோளைத் தட்டினார். "இன்னொரு பாட்டு பாடுங்க சார்."

உள்ளூர்க்காரர்கள் பீரை மேசையில் வைத்தார்கள். இருபது வருடத்தில் ஃபெஸ்டியை யாரும் இரண்டாவது பாட்டு கேட்டதில்லை. எங்களுக்குத் தெரியும், அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது.

கவுண்டரில் நின்ற தபால்காரர் பஸ்கால் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டாவது பாட்டு இன்னும் பாஸ்டன்லேர்ந்து வந்து சேரலப்பா. வந்தா நானே வீட்ல கொண்டாந்து குடுத்திருப்பேனே."

"தொண்டை கொஞ்சம் சரியில்ல," என்றார் ஃபெஸ்டி.

"காலையிலேர்ந்து ஊத்திக் கழுவிட்டுத்தானே இருக்க," என்றார் பஸ்கால்.

கன்செப்டா கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபெஸ்டியும் அவளைப் பார்த்தார். பிறகு பாடினார். அதே பாட்டு.

பாராட்டு எனக்கு எளிதில் வராது. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு வரிகளை அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடினார். கை மேலே போகவில்லை. தன் இடத்தை இழக்கப் போகிறவனின் பயம் அந்தக் குரலில் இருந்தது. கப்பலேறுகிறவனுக்கு அதுதானே இருக்கும். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டை நான் காது கொடுத்துக் கேட்டேன். மூன்றாவது வரியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது அவர் காதில் விழுந்துவிட்டது. உடனே கண் மூடிக்கொண்டது, கை மேலே போனது. எல்லாம் பழையபடி ஆயிற்று.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. வெண்டலின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல் பாட்டவிட இது நல்லா இருந்துச்சு," என்றாள். அரைமணி நேரத்துக்குள் ஒரே பாட்டை இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் அழுது, இரண்டையும் வேறு வேறென்று நம்பிக்கொண்டு பஸ் ஏறுகிற மக்களிடம் பாரம்பரியத்தைப் பற்றி என்ன பேசுவது?

கைதட்டல் ஓய்வதற்குள் நோரீன் வில்லின் திருகைத் தளர்த்தினாள். வில்லிலிருந்து உதிர்ந்து கம்பிகளின் மேல் படிந்திருந்த குங்கிலியத் தூளைத் துணியால் துடைத்தாள். ஃபிடிலைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியை மூடினாள். வாத்தியக்காரர்கள் நடுவே இதைவிடப் பெரிய வசவு கிடையாது. அதற்குப் பதில் சொல்லவும் முடியாது. குழல்காரரும் கான்சர்டினாக்காரியும் அவள் பின்னாலேயே கிளம்பினார்கள். ஃபெஸ்டி கவனிக்கவில்லை. மூன்று பேர் அவருக்கு பீர் வாங்கித் தந்துகொண்டிருந்தார்கள்.

இருட்டுகிற வரைக்கும் பஸ் நகரவில்லை. கன்செப்டா எனிஸ் பையன்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாற்காலி ஃபெஸ்டிக்கே நின்றது.

நோரீனின் வட்டம் இப்போது மலைமேல் இருக்கும் சின்ன பப்பில் கூடுகிறது. வாசிப்பு நன்றாக இருக்கிறது, பீர் மோசம். நான் அங்கேதான் போகிறேன். க்வீலியின் மூலையில் காலி நாற்காலிகளுக்கு நடுவே ஃபெஸ்டி பச்சை மேல்சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். கன்செப்டா ஒரு சின்ன ஸ்பீக்கரில் ரீல்களைப் போட்டுவிடுகிறாள். அவர் அதற்குப் பௌரான் தட்டுகிறார். ஸ்பீக்கர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வதில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் பஸ்கால் தபால் கொடுக்கப் போனபோது கேட்டிருக்கிறார்: "என்ன ஃபெஸ்டி, இன்னொரு பாட்டு கத்துக்கிட்டியா?"

"எதுக்கு?" என்றாராம் ஃபெஸ்டி. "இங்க யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கலியே."